எதையும் வீணாக்காதவர்

அவர் ஒரு குண்டூசியைக்கூட எறிந்து நான் பார்த்ததில்லை. தைத்த சட்டையைப் பழைய காகிதத்தில் சுற்றிக் கொடுத்தால், அடுத்த சந்தை நாளில் அந்தக் காகிதத்தை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொண்டுவந்து மிஷின் மேல் வைப்பார். பீடி பற்றவைத்த குச்சியில் பாதி கரியாமல் மிஞ்சியிருந்தால் பல் குத்த ஆகுமென்று காதில் செருகிக்கொள்வார். வளைந்த ஆணி, அறுந்த கயிறு, கிழிந்த சாக்கு, எல்லாவற்றுக்கும் அவர் தோட்டத்துச் சாளையில் ஓர் இடம் இருந்தது. "வெச்சிருந்தா ஆவுமுங்க. வீணாப் போகக் கூடாது" என்பார். அந்த வார்த்தையைச் சொல்லாமல் அவர் என் கடையை விட்டு எழுந்ததே கிடையாது.

கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். பட்ட அவமானத்தையும் ஒரு மனுஷன் அதேபோல் எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ள முடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எழுபதுகளில் நான் கேரள எல்லையில் இருக்கிற வேலந்தாவளத்தில் சந்தைப்பேட்டைக்கு எதிரே, ஒரு ஜவுளிக்கடை வாசலில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தேன். மாடு விற்க வருகிறவர், வாங்க வருகிறவர், எல்லை தாண்டிப் போகிறவர், எல்லாரும் என் முன்னால்தான் போக வேண்டும். நான் சொல்கிறவருக்குப் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பும் நிலக்கடலைக் காடும் இருந்தன. முகத்துக்கு நேரே தோட்டத்துக்காரர் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் குதிர் என்பார்கள், நெல் கொட்டி வைக்கிற குதிர். அவ்வளவு உடம்பு. டேப்பின் ஒரு நுனியை அவர் தொப்புளில் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நான் எழுந்து அவரை ஒரு சுற்று வருவேன். டேப் முடிந்துவிடும், அவர் முடிய மாட்டார். "கோயலச் சுத்துன புண்ணியம் உங்களுக்கு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

கேலிக்குக் கோபப்படுகிற ஆளே இல்லை அவர். அதைச் சொல்லிவிட வேண்டும். அது அரிசி கடத்துகிற காலம். எல்லைக்கு அந்தப் பக்கத்து அரிசியை இந்தப் பக்கம் விட மாட்டார்கள். சேலைக்குள்ளும் வேட்டிக்குள்ளும் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ள நீளநீளமான துணிப் பைகளை என்னிடமே வந்து தைத்துக்கொண்டு போவார்கள். செக்போஸ்ட்டுக்குப் புதிதாக வந்த ஒரு போலீஸ்காரர் ஒரு நாள் இவரை நிறுத்தி, தடியின் நுனியால் வயிற்றைத் தட்டி, "எந்தாடோ இது, அரியோ?" என்று கேட்டுவிட்டார். இவர் சட்டையைத் தூக்கிக் காட்டினார். "அரிசிதானுங்க சார். ஆனா உண்டு செமிச்சது" என்றார். அன்று முழுக்கச் சந்தையே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அவரும்தான் சிரித்தார்.

அப்படிப்பட்டவர் ஏன் ஒருவர் சிரித்ததை மட்டும் மன்னிக்கவில்லை என்றால், அது காளை விஷயம்.

காங்கேயம் கன்றுகள் இரண்டைக் குட்டியிலிருந்து அவர் வளர்த்தார். கையாலேயே தீனி ஊட்டி, நெற்றியைச் சொறிந்து, பேசிப் பேசி வளர்த்த கன்றுகள். ரேக்ளாப் பந்தய வண்டியில் பூட்டி ஒரு நாள் தானே ஓட்ட வேண்டும் என்பது ஆசை. அதற்குள் தங்கைக்குக் கல்யாணம் கூடிவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் கன்றுகளைப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தங்கைக்குச் சீராக அந்த இரண்டையும் கொடுத்துவிட்டார். தாலி கட்டும்போது கலங்காத மனுஷன் கன்றுகளை அவிழ்த்துக் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று பந்தலில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

மாப்பிள்ளை பார்க்க லட்சணமானவர். ஒல்லி, நல்ல உயரம், மீசையில் ஒரு முடி தப்பாக நிற்காது. சட்டையில் காலர் ஒரு நூல் கூடிவிட்டது என்று அதைச் சுருட்டி என் முகத்திலேயே எறிந்தவர். எனக்கு அவரைப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. ஆனால் ரேக்ளா ஓட்டத் தெரிந்த ஆள். அந்தக் காளைகளை வைத்து நோம்பிக்கு நோம்பி, ஒரு பண்டிகை விடாமல், ஓட்டத்தில் ஜெயித்தார். பல் சேர்ந்து காளைக்கு வயசு ஏறுவதற்கு முன்னால் நல்ல விலைக்குத் தள்ளிவிடுவேன் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு சந்தை நாள், ஓட்டத்தில் ஜெயித்துவிட்டு வந்து என் கடைக்கு எதிரே ரேக்ளாவை நிறுத்தினார். கூட்டம் கூடிவிட்டது. தங்கையும் வந்திருந்தாள். நம்மவர் வந்து காளைகளின் நெற்றியைத் தடவினார். அவை அவர் கையை நக்கின. அந்தச் சந்தோஷத்தில், ஒரே ஒரு சுற்று நான் ஓட்டிப் பார்க்கட்டுமா மாப்பிள்ளை என்று கேட்டார். அதற்கென்ன, ஏறுங்க மச்சான் என்று மாப்பிள்ளை பணிவாகச் சொன்னார். இவர் ஏறி உட்கார்ந்த நேரம் பார்த்து, மாப்பிள்ளை நுகத்தடியில் காளைகளின் கழுத்தைக் கட்டியிருந்த பூட்டாங்கயிற்றை உருவிவிட்டார். நான் பார்த்தேன். விரலால் உருவினார், தெரிந்தே உருவினார். ஏர்க்கால் வானத்தைப் பார்க்க எழுந்தது. வண்டி குடைசாய்ந்தது. அவர் மல்லாக்க விழுந்து, கால் இரண்டும் மேலே நிற்க, எழ முடியாமல் கிடந்தார். நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது.

மாப்பிள்ளை கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசினார். "இந்த ஒடம்புக்கு ரேக்ளா எதுக்குங்க மச்சான்? ஊட்டுக்குப் போய் நல்லா உண்டுபோட்டுக் கட்டல்ல படுத்துக்குங்க."

சந்தையே சிரித்தது. அண்ணன் முதுகில் ஒட்டிய சாணியைத் துடைத்துவிடப் போன தங்கையை, நீ அங்கேயே நில் என்று மாப்பிள்ளை தடுத்தார். அவள் நின்றாள். அழவில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சட்டை முதுகில் கிழிந்திருந்தது. என்னிடம் வந்து உட்கார்ந்தார். தைத்துக் கொடுத்தேன். தெறித்துப் போன பொத்தானைத் தெருவில் தேடி எடுத்து வந்திருந்தார். அதை என் உள்ளங்கையில் வைத்து, இதையும் வைத்துத் தைத்துவிடுங்கள், வீணாகக் கூடாது என்றார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. போகும்போது மட்டும் காளைகள் போன திசையைப் பார்த்துச் சொன்னார். "நாலு பல்லுதான் ஆச்சு. பல்லுச் சேர இன்னும் நாளிருக்குதுங்க."

மறுநாளிலிருந்து அவர் தோட்டத்தில் மோட்டார் ஓடவில்லை. கரண்ட் வீணாகிறதாம். பரணில் கிடந்த, தண்ணீர் மொள்ளுகிற பழைய தோல் சால் ஒன்றை இறக்கி, எண்ணெய் போட்டுப் பதமாக்கி, கிணற்றில் மாட்டை வைத்து இறைக்கிற கவலை பூட்டினார். கவலை ஓட்டுகிறவன் மாட்டோடு சரிவில் இறங்க வேண்டும், மறுபடி ஏற வேண்டும். இறங்கும்போது கயிற்றின் மேல் உட்கார்ந்து வரலாம், எல்லாரும் அப்படித்தான் வருவார்கள். அவர் உட்காரவில்லை. தென்னைக்கும் கடலைக்கும் அத்தனைக்கும் நடந்தே தண்ணீர் இறைத்தார். தோட்டத்திலிருந்து சந்தைக்கு வில்வண்டியில் வருகிறவர் நடந்து வரத் தொடங்கினார். முதலில் வந்து சேர்ந்து மூச்சுவிடவே வெகு நேரம் ஆகும். நாலு வார்த்தை பேச என் தண்ணீர்ச் செம்பு காலியாகும்.

சாப்பாடு காளையின் சாப்பாடு. கொள்ளு, கம்மங்கூழ், மோர். அரிசிச் சோற்றைத் தொடவில்லை, நெய்யைத் தொடவில்லை, இனிப்பு வாயில் படவில்லை. ஊரே அரிசிக்காக இடுப்பில் பை கட்டித் திரிந்தபோது இந்த மனுஷன் வீட்டில் குதிர் நிறைய நெல்லை வைத்துக்கொண்டு கூழ் குடித்தார்.

உடம்பு இறங்கியது. அந்தக் காலத்தில் உடம்பு ஏறினால் வசதி, இறங்கினால் சீக்கு. காச நோய் என்றார்கள், சர்க்கரை என்றார்கள், செய்வினை என்றார்கள். அவர் சம்சாரம் ஒரு கோயில் விடாமல் நேர்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அழுதது. சொந்தபந்தம், உறம்பரை சனம் எல்லாம் துக்கம் விசாரிப்பது போல் ஆரஞ்சும் பன்னுமாக வந்தார்கள். கொண்டுவந்ததையெல்லாம் கும்பிட்டு வாங்கிக்கொள்வார். ஒன்றையும் தின்ன மாட்டார், ஒன்றையும் வீணாக்கவும் மாட்டார்.

பிறகு அதெல்லாம் எங்கே போயிற்று என்பதுதான் விஷயம். அவர் தன் சாப்பாட்டை நிறுத்தினாரே தவிர, வீட்டுச் சமையலை நிறுத்தவில்லை. முன்னால் அவருக்காக என்னென்ன செய்வார்களோ அத்தனையும் செய்யச் சொன்னார். நெய் மணக்க அரிசிம்பருப்புச் சோறு, ஒப்புட்டு, கச்சாயம், எள்ளுருண்டை, கோழிக் குழம்பு. உடுமலைப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி வைத்து மறையூர் வெல்லம் வரவழைத்துப் பாகு காய்ச்சச் சொன்னார். எல்லாம் கூடையில் அடுக்கி, மேலே வாழையிலை போட்டு, ஆள் மூலம் தங்கை வீட்டுக்குப் போயிற்று. மாப்பிள்ளைக்குச் சீர். ஆடிக்கும் தைக்கும் போகிற கூடை வாராவாரம் போனது, பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் போனது.

எங்கள் பக்கத்தில் பெண்டாட்டியின் அண்ணன் அனுப்பிய சீரை மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்ல முடியாது. உண்ணாமல் திருப்பிவிட்டால் உறவு வேண்டாம் என்று ஊரறியச் சொன்னதாகிவிடும். ஆனால் இந்த மாப்பிள்ளை திருப்புகிற ஆளா? மச்சான் பயந்துவிட்டார், காலில் விழ வெட்கப்பட்டுக் கூடை அனுப்புகிறார் என்று என் கடை வாசலிலேயே நின்று எல்லாரிடமும் சொன்னார். மீசையில் எள்ளு ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் அவர் செய்த தப்பு. சீரை மரியாதை என்று நினைத்துவிட்டார்.

நம்மவர் புதுச் சட்டை தைக்கவில்லை. இருந்த சட்டைகளையே கொண்டுவந்து பக்கத்தில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார். ஒரு மடிப்புப் பிடிப்பேன். கொஞ்ச நாளில் மறுபடி தொளதொளவென்று வரும். பிடிக்க இடமில்லாமல் வெட்ட வேண்டியதாயிற்று. வெட்டிய துணியை மூட்டையாகக் கட்டி மிஷினுக்குக் கீழே வைத்திருக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். ஆகும் என்றார்.

ஆனது. ஒரு நாள் மாப்பிள்ளை வந்தார். சட்டை இறுக்குகிறது, துணி சுருங்கிவிட்டது போலிருக்கிறது, பக்கத்தில் பட்டை வைத்து விட்டுக்கொடு என்றார். துணியா சுருங்கியது. அது தலைதீபாவளிக்கு மச்சான் எடுத்துக் கொடுத்த துணி. ஒரே பீசில் தனக்கும் மாப்பிள்ளைக்குமாக வெட்டச் சொல்லி நான்தான் வெட்டினேன். அதே நிறத்தில் பட்டைக்கு எங்கே போவது என்று யோசித்தவன் சட்டென்று குனிந்து கீழே கிடந்த மூட்டையை அவிழ்த்தேன். இருந்தது. தோட்டத்துக்காரர் உடம்பிலிருந்து வெட்டிய துணி, நூல் பிசகாமல் மாப்பிள்ளை சட்டையில் பொருந்தியது.

சக்கரத்தின் மேல் கை அப்படியே நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. ஒருவர் உடம்பிலிருந்து கழித்தது இன்னொருவர் உடம்பில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஊரில் அவரவர் ஒருவரைத்தான் பார்த்தார்கள், இரண்டு பேருக்கும் அளவெடுத்தவன் நான் ஒருவன்தான். பயமும் வந்தது, சிரிப்பும் வந்தது. சிரிப்புத்தான் அதிகம் என்பதை மறைக்க மாட்டேன். முகத்தில் எறிந்த சட்டையை நினைத்துக்கொண்டு, பட்டையை நன்றாக அகலமாகவே வைத்தேன், இன்னும் ஊதட்டும் என்று.

அடுத்த முறை தோட்டத்துக்காரர் வந்தபோது மூட்டை சின்னதாகியிருப்பதைப் பார்த்தார். "ஆச்சுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆச்சுங்கண்ணா" என்றேன்.

"பாருங்க. வீணாப் போகல."

நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான். பிறகு செக்போஸ்ட்டில் மாப்பிள்ளையை நிறுத்தி வயிற்றைத் தட்டிப் பார்த்த கதை வந்தது. அவர் சட்டையைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கவில்லை. எகிறினார். அந்தப் போலீஸ்காரர் அவரை வெயிலில் உட்கார வைத்துவிட்டுத்தான் அனுப்பினார். எனக்கு அன்று சாப்பாடு ருசியாக இருந்தது.

காளைகளுக்குக் கடைசிப் பல் எட்டிப் பார்க்கிற சமயத்தில் தை நோம்பி வந்தது. இதுதான் கடைசி ஓட்டம், முடிந்ததும் விற்றுவிடுவேன் என்று மாப்பிள்ளை சொல்லியாயிற்று. ஊருக்கு மேற்கே இருந்த நேரான மண்சாலையில் ஓட்டம். நான் கடையை மூடிவிட்டுப் போயிருந்தேன், நல்ல இடமாகப் பார்த்து நின்றேன்.

மாப்பிள்ளை ரேக்ளாவில் காலை வைத்ததும் அச்சு கத்தியது. ஏறி உட்கார்ந்தார். பாரம் பின்னால் இழுக்க, நுகத்தடி தூக்கி, காளைகளின் கழுத்தைக் கயிறு நெரித்தது. அவை கண் பிதுங்கப் பின்வாங்கின. இறங்கினார், ஏறினார், முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். ஓட்டம் நடத்துகிற பெரியவர்கள் வந்து பார்த்து, மாடு செத்துப்போகும், வேறு ஆளை ஏற்றுங்கள் என்றார்கள். மாப்பிள்ளை கூலிக்கு ஓட்டுகிறவன் ஒருவனைக் கைகாட்டிக் கூப்பிட்டார். கூட்டம் சிரிக்கத் தொடங்கியிருந்தது. அது பழைய சிரிப்புத்தான், ஆள்தான் வேறு.

அப்போது தங்கை முன்னால் வந்தாள். அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. "காளை எனக்குக் குடுத்த சீருங்க. யாரு ஓட்டறதுன்னு நாஞ் சொல்றனுங்க. எங்கண்ணன் ஓட்டட்டும்."

சீராக வந்த மாட்டின் மேல் பெண்ணுக்கு இருக்கிற உரிமையை யார் மறுப்பது? பெரியவர்கள் தலையாட்டினார்கள். தோட்டத்துக்காரர் கூட்டத்திலிருந்து நடந்து வந்தார். எலும்பும் நரம்புமாக, வெயிலில் கறுத்து, நிமிர்ந்து வந்தார். பாதிப்பேருக்கு அது யார் என்றே தெரியவில்லை. சந்தையில் விழுந்தபோது முதுகில் கிழிந்த அதே சட்டையைத்தான் போட்டிருந்தார். என் தையல் அதில் அத்தனை கோடாக ஓடியது. பொத்தான் அதே பொத்தான்.

ஏறுவதற்கு முன்னால் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். "மாப்பிள்ளை, பூட்டாங்கயித்தக் கொஞ்சம் நீங்களே பாத்துக் கட்டிருங்க. போன தடவ நழுவிருச்சுங்க."

அத்தனை பேர் பார்க்க மாப்பிள்ளை குனிந்தார். குனிய முடியவில்லை. முட்டி போட்டு, மூச்சு வாங்கக் கயிற்றைக் கட்டினார். இவர் அவசரப்படுத்தவில்லை. கட்டி முடித்ததும் இழுத்துப் பார்த்துவிட்டு ஏறினார்.

சாட்டை எடுத்துக்கொள்ளவே இல்லை. குட்டியில் பேசிய பேச்சைப் பேசினார், காளைகள் பறந்தன. கூட ஓடிய வண்டி புழுதிக்குள் எங்கோ நின்றுவிட்டது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். நான் ஜெயித்ததுபோல் கத்தினேன்.

திரும்பி வந்து இறங்கி, காளைகளின் வாய் நுரையைத் தன் துண்டால் துடைத்தார். பிறகு நேரே மாப்பிள்ளையிடம் போனார்.

"வெயில்ல நின்னு களைச்சுப் போயிட்டீங்க. ஊட்டுக்குப் போய் நல்லா உண்டுபோட்டுக் கட்டல்ல படுத்துக்குங்க."

யாரும் சிரிக்கவில்லை. அந்த வார்த்தையை எங்கே கேட்டோம் என்பது எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. மாப்பிள்ளை அந்தக் காளைகளை விற்கவும் இல்லை. மறுநாளே தங்கை அவற்றை அண்ணன் கட்டுத்தரைக்கு ஓட்டி அனுப்பிவிட்டாள்.

கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தேன். இனிமேல் நல்லா உண்ணலாமுங்களே என்று அவரிடம் கேட்டேன். கூழ் பழகிவிட்டது என்றார். கவலை ஓட்டுவதும் பழகிவிட்டது என்றார். அப்படியென்றால் கூடை? அதை நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை, சைக்கிள் கேரியரில் வாழையிலை மூடிய கூடை என் கடையைத் தாண்டித்தான் போகும். முன்னைவிட அடிக்கடி போனது.

அதற்கடுத்த வருஷம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவரால் கடைக்கு வர முடியாதாம், வீட்டுக்கு வந்து அளவெடுக்க வேண்டுமாம். போனேன். கட்டிலில் கிடந்தார். மீசை கலைந்திருந்தது. உட்கார வைக்க நாலு பேர் வேண்டியிருந்தது, பக்கத்துத் தோட்டத்திலிருந்து கூப்பிட்டு வந்தார்கள். டேப்பின் நுனியை அவர் தொப்புளில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பிடிக்கக் கை எட்டவில்லை. நான் அவரைச் சுற்றி வந்துகொண்டிருக்கும்போது வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

அவர் முகம் மாறியது. "வேண்டாமுன்னு சொல்லியனுப்பு" என்றார். கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும். தங்கை அதைக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. கூடையைக் கொண்டுவந்து இறக்கி இலையை எடுத்தாள். நெய்யும் மறையூர் வெல்லமும் மணத்தன.

எனக்கு அவரைப் பிடிக்காதுதான். ஆனாலும் வாய் தானாகச் சொன்னது. "அம்மிணி, போதுமுங்களே. ஓட்டந்தான் முடிஞ்சு போச்சுங்களே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தெருவில் பொத்தானைப் பொறுக்கிக்கொண்டு வந்த அன்று அவள் அண்ணன் முகம் எப்படி இருந்ததோ, அதே அமைதி.

"எங்கூட்டுல எதையும் வீணாக்கிப் பழக்கமில்லீங்க, டைலரண்ணா."

ஒப்புட்டைப் பிட்டு, நெய்யில் தோய்த்து, கணவன் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் டேப்பைச் சுருட்டினேன். அவர் வாயைத் திறந்தார்.